வீட்டுத் திரையில் ஓசு: கிடைத்த ஒழுங்கும் கணித்த முறையும்

ஒரு கலைஞனின் ஆக்கங்கள் எந்த ஒழுங்கில் கைக்குக் கிட்டுகின்றனவோ, அந்த ஒழுங்கே காலப்போக்கில் அவனைப் பற்றிய கணிப்பாக உறைந்துவிடுவதுண்டு. யப்பானியத் திரைப்பட நெறியாளர் யசுஜிறோ ஓசு (1903–1963) இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாவார். 1927 இல் தொடங்கி 1962 வரை ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களை நெறிப்படுத்திய அவர், யப்பானுக்கு வெளியே நெடுங்காலம் ஓரிரு படங்களின் கர்த்தாவாகவே அறியப்பட்டிருந்தார். பின்னர் வீடியோ நாடாவும், அதனைத் தொடர்ந்து இறுவட்டும் அவருடைய படங்களைப் பல நாடுகளிலும் வீடுகளுக்குள் கொண்டுசென்றன. இதனால் விளைந்த நன்மை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயின், எந்த ஓசு முந்தி வந்தார், எந்த ஓசு பிந்தி வந்தார் என்னும் வினாவை எழுப்பாது அந்நன்மையை அளவிட முற்படுவது திறனாய்வாகாது.

யப்பானியத் திரைப்படம் மேலைநாட்டாரின் கவனத்தைப் பெற்ற கதை பலரும் அறிந்ததே. 1951 இல் குறொசாவாவின் 'ரஷோமொன்' வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கத்தை வென்றது. 1952, 1953, 1954 ஆகிய ஆண்டுகளில் மிசோகுச்சியின் படங்கள் அதே விழாவில் அடுத்தடுத்துப் பரிசு பெற்றன. இவை யாவும் பழைய காலத்துக் கதைகள். வாளும் பட்டாடையும் நிறைந்தவை. அலுவலகத்திற்குப் போய்வரும் தந்தையையும் மணமாகாத மகளையும் பற்றிய ஓசுவின் படங்கள் அயலாருக்கு விளங்கா என்றே அவர் பணியாற்றிய ஷோச்சிக்கு நிறுவனத்தார் கருதினர். 1953 இல் வெளியான 'ரோக்கியோக் கதை' 1958 இல் லண்டனில் சதர்லண்ட் விருதைப் பெற்றதெனினும், நியூயோர்க்கில் அது முறையாகத் திரையிடப்பட்டது 1972 இலேயே. ஓசு இறந்து அப்போது எட்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

அக்காலத்தில் ஓசுவை ஆராய விரும்பியவர் திரைப்படக் காப்பகங்களின் வாயிலில் காத்திருத்தல் வேண்டும். அன்றேல் எங்காவது ஒரு திரைப்படக் கழகத்தில் ஒருமுறை பார்த்ததை நினைவிற் கொண்டு எழுதுதல் வேண்டும். நினைவிலிருந்து எழுதும் திறனாய்வுக்கு ஒரு தனிக்கவர்ச்சி உண்டு. அதன் இடர்ப்பாட்டைப் 'பிந்திய வசந்தம்' (1949) என்னும் படத்தின் ஜாடிக் காட்சி நன்கு காட்டும்.

தந்தையும் மகளும் கியோற்றோ நகரத்து விடுதியொன்றில் ஓரறையில் உறங்கப் போகின்றனர். மகள் நொறிக்கோவுக்கு விரைவில் திருமணம். அவள் ஏதோ சொல்லத் தொடங்குகிறாள், தந்தை உறங்கிவிட்டார். அவள் மேல்நோக்கிப் பார்த்துப் புன்முறுவல் செய்கிறாள். அடுத்து, இலைகளின் நிழல் படிந்த தாள்கதவின் முன் ஒரு ஜாடி. மீண்டும் நொறிக்கோ, இப்போது அழுகையின் விளிம்பில் நிற்கிறாள். மீண்டும் அதே ஜாடி, முன்னதிலும் நீண்ட நேரம். பின்பு கற்றோட்டம். போல் ஷ்ரேடர் 1972 இல் வெளியிட்ட நூலில், முரண்பட்ட உணர்வுகளைத் தன்னுள் ஏற்று அமைதியாக்கும் நிலைபேற்றின் வடிவமாக அந்த ஜாடியைக் கண்டார். டொனல்ட் றிச்சி 1974 இல் வெளிவந்த தமது நூலில், பார்வையாளரின் உணர்ச்சியைத் தாங்கும் கலமாக அதனை விளக்கினார். இவ்விளக்கங்களைத் தொடர்ந்தெழுந்த எழுத்துக்கள் பெரும்பாலும் ஜாடியை ஒற்றைப் படிமமாகவே பேசுகின்றன. இறுவட்டை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவருக்கோ வேறு சில புலனாகும்: ஜாடி இருமுறை வருகிறது, இரண்டும் ஒரே அளவினவல்ல, நொறிக்கோவின் பார்வை ஜாடியின்மேல் விழுகின்றது என்று துணிவதற்கும் போதிய சான்றில்லை. தமிழ்ச் செய்யுளியலில் இறைச்சி பற்றிய எண்ணத்தோடு பழகியோருக்கு, சொல்லப்பட்டதற்குப் புறத்தே நிற்கும் ஒரு பொருள் உணர்வை ஏற்பது புதுமையன்று. எனினும், அங்கும் இங்கும் முதலிற் செய்யவேண்டியது ஒன்றே: எது, எத்தனை முறை, எந்த இடத்தில் வருகின்றதெனப் பாடத்தைச் சரிபார்த்தல். வீடியோ அளித்த முதற்கொடை இந்தப் பாடச்சோதனையே.

அவருடைய வடிவமும் வீட்டுத் திரைக்கு ஓரளவு இயைந்தது. அகலத்திரை பரவிய பின்னரும் ஓசு பழைய சட்டக அளவையே கைக்கொண்டார். ஆதலால், குறொசாவாவின் அகலத்திரைப் படங்கள் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்காக இருபுறமும் வெட்டப்பட்டதுபோல அவருடைய படங்கள் வெட்டப்படவேண்டியிருக்கவில்லை. நிலத்தோடு ஒட்டியாற்போல் தாழ வைத்த கமரா, உரையாடுவோரை ஏறத்தாழ நேர்முகமாகக் காட்டும் ஷொட்டுகள், பார்வைத் திசைகள் ஒன்றோடொன்று பொருந்தாமை, ஒரு ஷொட்டிலிருந்து மறு ஷொட்டுக்குச் சற்றே இடம் மாறிவிடும் தேநீர்க் கோப்பைகள் ஆகியவற்றை யாவரும் எண்ணிப்பார்க்கலாம் என்னும் நிலை தோன்றியது. சட்டகத்தின் அழகுக்காகப் பொருள்களை நகர்த்த ஓசு தயங்கியதில்லை.

இவ்விடத்தில் நாடாவுக்கும் இறுவட்டுக்குமிடையேயான வேறுபாட்டை மறத்தலாகாது. ஓசு முதன்முதல் வண்ணத்தில் எடுத்த 'சமவிரவுப் பூ' (1958) என்னும் படத்தில் அறையின் ஓரத்திலே ஒரு சிவப்புக் கேத்தில் இருக்கும். அது கதைக்கு எவ்விதத்திலும் வேண்டப்படாதது. ஆயினும் கண் அதனையே தேடிச்செல்லும். வி.எச்.எஸ். நாடாவில் நிறவிவரம் மிகக் குறைவு. சிவப்போ கரை கடந்து பரவும். ஓசு கூர்மையாக வைத்த புள்ளி அங்கு ஒரு கறையாயிற்று. உபதலைப்புக்களின் நிலையும் அத்தகையதே. வெள்ளைச் சட்டைமேலும் வெளிறிய பாய்மேலும் வெள்ளை எழுத்து விழுந்தால் எவர் படிக்க இயலும்? சொல்லிலே தங்கியுள்ள ஒரு கலைஞன் பாதிச் சொல்லோடு பார்க்கப்பட்டான்.

இரண்டாவது கொடை இதனினும் பெரிது. ஓசுவின் கலை ஒரு படத்துக்குள் முடிந்துவிடுவதன்று, படங்களுக்கிடையே நிகழ்வது. 1934 இல் மௌனப்படமாக வந்த 'மிதக்கும் பாசிகளின் கதை' 1959 இல் வண்ணத்தில் மீண்டும் வந்தது. கிறைற்றீரியன் நிறுவனம் 2004 இல் இவ்விரண்டையும் ஒன்றாக வெளியிட்டது. 'பிந்திய வசந்த'த்தில் மணமுடித்துச் செல்லும் மகளாக வந்த செற்சுக்கோ ஹாரா, 'பிந்திய இலையுதிர்கால'த்தில் (1960) மகளை அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் தாயாக வருகிறார். ஒரே நடிகர், ஒரே பெயர், ஒரே அறை, சிறிதே மாறிய துயரம். இவற்றைப் பல்லாண்டு இடைவெளியில் கண்டவர், ஓசு ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தார் என எளிதாகக் கூறினர். அருகருகே வைத்துக் காண்பவர் மாறியதைக் காண்பர்.

ஆனால் அருகருகே வைக்கப்பட்டவை எவை? அமெரிக்காவிற் கிறைற்றீரியன் வெளியிட்ட வரிசையை நோக்குக. 'காலை வணக்கம்' (1959) 2000 இல் வந்தது. 'ரோக்கியோக் கதை' 2003 இல். 'பிந்திய வசந்தம்' 2006 இல். 1956 முதல் 1961 வரையான ஐந்து படங்களின் தொகுதி 2007 இல். 1931 முதல் 1933 வரையான மூன்று மௌனப்படங்கள் ஒரு தொகுதியாக வந்தது 2008 இலேயே. 'ஒரே மகன்' (1936) 2010 வரை காத்திருந்தது. குற்றக்கதைப் படங்கள் மூன்றும் 2015 வரை. அதாவது, முதுமையின் ஓசு முதலில் வந்தார். இளைஞர் ஓசு பின்னர் வந்தார். அதற்குள், யப்பானிய நெறியாளருள் மிகுந்த யப்பானியர், துறவு மனத்தினர், நிலையாமையின் பாடகர் என்ற சித்திரம் வரையப்பட்டு உலர்ந்தும் விட்டது. விற்பனை உறைகளிலும் அச்சித்திரமே இடம்பெற்றது. அமைதி நன்கு விலைபோகும் சரக்கு.

பிந்தி வந்த படங்கள் கூறுவது வேறு. 'ரோக்கியோ சேர்ந்திசை' (1931) உலகப் பொருளாதார நெருக்கடிக் காலத்தது. காப்புறுதி நிறுவனமொன்றின் எழுதுவினைஞன், முதிய சக ஊழியர் ஒருவர் அநியாயமாக நீக்கப்பட்டதை எதிர்த்துப் பேசித் தானும் வேலையிழக்கிறான். ஈற்றில், தன் பழைய ஆசிரியர் நடத்தும் உணவுக்கடைக்காகத் தெருவில் விளம்பரத் துண்டு கொடுக்கும் நிலையில் அவனை மனைவி காண நேர்கிறது. 'பிறந்தேன், ஆனால்…' (1932) என்னும் படத்தில் முதலாளியின் வீட்டிலே, தாமே எடுத்த சிறுபடங்களைத் திரையிடுகின்றனர். முதலில் விலங்குக்காட்சிச் சாலை. வரிக்குதிரை கறுப்பின்மேல் வெள்ளையா வெள்ளையின்மேல் கறுப்பா என்று சிறுவர் வாதிடுகின்றனர். அடுத்துத் தம் தந்தை முதலாளியை மகிழ்விக்கக் கோமாளித்தனம் செய்வதை அவருடைய இரு புதல்வர்களும் காண்கின்றனர். அவர்கள் வீடு திரும்பித் தந்தையை எதிர்த்து நின்று உண்ண மறுக்கின்றனர். சம்பளம் வாங்குவதால் பணியவேண்டியிருக்கிறது என்ற விடையைச் சிறுவர் ஏற்கவில்லை. வர்க்க வேறுபாடு என்பதை இவ்வளவு எளிமையாக, இவ்வளவு நகைச்சுவையோடு உணர்த்திய படங்கள் சிலவே. வீட்டில் ஓடும் சிறுபடமொன்றே அங்கு உண்மையை உடைக்கும் கருவியாதலும் கருதத்தக்கது.

'ஒரே மகன்' இன்னும் கசப்பானது. பட்டாலையில் உழைத்து மகனைப் படிப்பித்த தாய், பல்லாண்டுகளின் பின் ரோக்கியோவுக்கு வருகிறாள். மகன் இராப்பள்ளியொன்றில் வறிய ஆசிரியன். நகரத்தின் ஓரத்து வெட்டவெளியில், குப்பை எரிக்கும் ஆலையின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி இருவரும் அமர்ந்து பேசுகின்றனர். இப்படத்தைக் கண்டபின் 'ரோக்கியோக் கதை'யை மீளப் பார்ப்பவருக்கு அது நன்றிகெட்ட பிள்ளைகளின் கதையாகத் தோன்றாது. மூத்த மகன் புறநகரில் நோயாளர் அழைத்த நேரத்தில் ஓடவேண்டிய சிறு வைத்தியன். மகள் வீட்டிலேயே சிகையலங்கார நிலையம் நடத்துகிறாள். பெற்றோரை வைத்திருக்க இருவரிடமும் இடமும் நேரமும் இல்லை. அற்றாமி வெந்நீர்த் துறைக்கு அவர்களை அனுப்புவதற்குச் செலவுக் கணக்கும் ஒரு காரணமே. அன்போடு உபசரிக்கும் விதவை மருமகளும் ஓரறைக் குடியிருப்பில் அயலாரிடம் மது இரவல் வாங்கியே மாமனாருக்குக் கொடுக்கிறாள். போரிலே கணவனை இழந்த அலுவலக ஊழியை அவள். பிரிவின் சோகம் மானுடப் பொதுமை எனலாம். ஆயினும் அச்சோகத்துக்கு வாடகையும் வேலைநேரமும் உண்டு என்பதை ஓசு 1936 இலிருந்தே மறக்கவில்லை.

'மிகுந்த யப்பானியர்' என்னும் கூற்றும் இவ்வாறே தளர்கிறது. 'ரோக்கியோப் பெண்' (1933) படத்தில் ஹொலிவூட் படமொன்றில் லூபிச் நெறிப்படுத்திய பகுதி அப்படியே இடம்பெறுகிறது. ஆரம்பப் படங்களின் சுவர்களில் அமெரிக்கப் பட விளம்பரங்கள் தொங்குகின்றன. 'ரோக்கியோக் கதை'யின் கருவுக்குங்கூட, லியோ மக்கறி 1937 இல் நெறிப்படுத்திய அமெரிக்கப் படமொன்று தூண்டுதலாயிற்று. அதனைப் பார்த்திருந்தவர் இணைக்கதாசிரியரான கோகோ நோடா.

இதனைக் கொண்டு ஓசுவைப் போர்க்குணமுடைய சமுதாய விமர்சகராக்கிவிட முனைவது மறுபக்கத் தவறாகும். 'ரோக்கியோ சேர்ந்திசை'யின் முடிவில் நாயகனுக்குத் தூரத்து ஊரிலே ஆசிரியப் பதவி கிடைக்கிறது. பழைய மாணவர் கூடிப் பாடுகின்றனர். நிறுவனம் அப்படியே இருக்கிறது. பிந்திய படங்களில் நடுத்தர வகுப்பின் வசதியான அறைகளையே அவர் பெரிதும் விரும்பினார். 1937 முதல் 1939 வரை சீனாவில் யப்பானியப் படையிற் கடமையாற்றிய ஒருவர் அப்போரைப் பற்றித் தம் படங்களில் ஏறத்தாழ ஒன்றுமே காட்டாதது, அழகியல் அடக்கம் என்று மட்டும் விளக்கக்கூடியதன்று. திறனாய்வாளர் இதனை இன்னும் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை.

எந்த இறுவட்டாலும் மீட்க முடியாதவையும் உள. 'ரோக்கியோக் கதை'யின் மூலநெகற்றிவ் தீயில் அழிந்தது. பின்னைய பிரதிகள் யாவும் வேறு படிகளிலிருந்து பெறப்பட்டவை. ஓசுவின் முதற்படமும், மௌனப்படங்களுள் மேலும் பலவும் முற்றாக இல்லை. 1929 இல் வெளிவந்த 'பட்டம் பெற்றேன், ஆனால்…' என்பதில் எஞ்சியிருப்பது ஏறத்தாழப் பத்து நிமிடத் துண்டு மட்டுமே. பல்கலைக்கழகத்தில் தேறிய இளைஞன் ஒருவன், கிடைத்த வாயிற்பணியாளர் வேலையைத் தன் தகுதிக்குக் குறைவெனத் தள்ளிவிடுகிறான். ஊரிலிருந்து தாயும் மணப்பெண்ணும் வந்து சேர, நாள்தோறும் வேலைக்குச் செல்வதுபோல் நடித்து வெளியே போகிறான். மனைவி மதுச்சாலையொன்றில் வேலைக்குச் சேர்ந்ததை அறிந்தபின், முன்பு தள்ளிய அதே வேலையைக் கேட்டுத் திரும்பிச் செல்கிறான். படத்தின் தலைப்பு யப்பானில் வேலையற்ற பட்டதாரிகளைக் குறிக்கும் வழக்குத்தொடராயிற்று. படமோ பெரும்பகுதி மறைந்துவிட்டது.