படத்தைப் பார்க்காத பாராட்டு

அக்டோபர் 27 நடிகர் சிவகுமாரின் பிறந்தநாள். அந்த நாளை ஒட்டி, மாணவப் பருவத்தில் அவர் வரைந்த ஓவியங்கள் ரசிகர்களிடையே ஒரு சுற்று வலம் வரும்; கூடவே அதே நாலைந்து வாக்கியங்களும் வரும். ‘போட்டோ எடுத்த மாதிரியே இருக்கு.’ ‘இருபது வயசுல இப்படி வரைஞ்சிருக்கார்.’ ‘அந்த வெயில்ல எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்!’ கடைசியாக, ‘நடிக்க வராம இருந்திருந்தா இந்தியாவே கொண்டாடுற ஓவியரா ஆகியிருப்பார்.’ இந்தப் பேச்சில் ஏதோ குறைகிறது என்று சொல்லிப் பாருங்கள். ரசிகன் அன்பால் பேசுகிறான், அவனிடம் போய்க் கலை விமர்சனம் எதிர்பார்க்கலாமா என்று பதில் வரும். பெருந்தன்மையாகத் தோன்றும் இந்தப் பதில் ரசிகனையும் மதிக்கவில்லை, ஓவியத்தையும் மதிக்கவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1850-இல் தொடங்கிய ஓர் ஓவியப் பள்ளி எழும்பூரில் இயங்கிவருகிறது என்பதைச் சினிமா பார்க்கும் பலர் தெரிந்துகொண்டது சிவகுமார் வழியாகத்தான். ‘இது ராஜபாட்டை அல்ல’ நூலில் அவரே தம் இளமைக்காலத்தை எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள் காற்றில் பேசுவதில்லை. வசூல் கணக்கை வைத்து அடித்துக்கொள்ளும் ரசிகர் கூட்டங்களுக்கு நடுவே தூரிகையைப் பற்றிப் பேசும் கூட்டம் எவ்வளவோ மேல்.

ஆனால் இத்தனை ஆண்டுப் பேச்சில் ஓவியத்தைப் பற்றி என்ன பேசியிருக்கிறார்கள்? வயது, நேரம், வெயில், வறுமை, பொறுமை எல்லாம் வரைந்தவரைப் பற்றியவை. அவருடைய ஒழுக்கத்துக்கும் உழைப்புக்கும் ஓவியம் ஒரு நற்சான்றிதழாகிவிடுகிறது. சான்றிதழில் பெயரையும் முத்திரையையும் பார்த்தால் போதும், வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. படத்தைப் பற்றியது என்று மிஞ்சுவது ‘போட்டோ மாதிரி’ ஒன்றுதான். அதுவும் பிழையான அளவுகோல்.

அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பது புரியாத விஷயமல்ல. சூலூர் பக்கத்திலுள்ள காசிகவுண்டன்புதூரிலிருந்து வந்த, பின்னாளில் சிவகுமாரான பழனிச்சாமி, எழும்பூர் ஓவியக் கல்லூரியில் சேர்வதற்கு முன் சென்னையில் சில காலம் இருந்த இடமே மோகன் ஆர்ட்ஸ்தான். சினிமா பேனர் எழுதும் இடம். ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய துணியில் விரித்து முகத்தைப் பெருக்குவார்கள். மவுன்ட் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர் தலையைத் திருப்பிய கணத்தில் இது எம்.ஜி.ஆர்., இது சிவாஜி என்று தெரிந்தாக வேண்டும். அந்தத் தொழிலில் முகஜாடைதான் முதல் தகுதி. அதில் தேர்ந்தவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களும் கன்னத்தில் நீலமும் ரோஜா நிறமும் துணிந்து தீட்டியவர்கள், கிட்டே போனால் திட்டுத் திட்டாகத்தான் தெரியும். நம் கண் அந்தப் பேனர்களிலும் கட்-அவுட்களிலும் காலண்டர்களிலும் பழகிய கண். ஜாடை வந்துவிட்டால் அதற்குமேல் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை.

சிவகுமாரின் பலம் நேரில் போய் உட்கார்ந்து வரைந்த வாட்டர்கலர் படங்களில் இருக்கிறது. தஞ்சை, மாமல்லபுரம், கன்னியாகுமரி, திருவண்ணாமலை என்று போய் வரைந்தவர் அவர். வாட்டர்கலரில் வழக்கமாக வெள்ளையைத் தீட்டுவதில்லை, காகிதத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும். வெளிச்சம் படும் சுவர் எது என்பதை முதலிலேயே முடிவுசெய்து, கடைசிவரை அந்த இடத்தில் தூரிகை படாமல் காப்பாற்ற வேண்டும். ஈரம் காயும் முன் அடுத்த வண்ணம் பட்டால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும்; காய்ந்தபின் பட்டால் ஓரம் கோடாக நின்றுவிடும். இரண்டுமே சில இடங்களில் வேண்டும், சில இடங்களில் கூடாது. இதற்கிடையில் சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கிறது. காலை எட்டு மணிக்குக் கோபுரத்தின் மேற்கே நீண்டு கிடந்த நிழல் பதினொரு மணிக்குச் சுருங்கிவிடும். ஒரு வேளையின் நிழலை மனத்தில் நிறுத்திக்கொண்டு, கண்முன் வேறு வெயில் அடிக்கும்போதும் அந்த வேளையையே வரைய வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 13 தளங்கள் கொண்டது. அதிலுள்ள உருவம் ஒவ்வொன்றையும் தூரிகை நுனியால் எழுத முடியாது. எதை எழுதுவது, எதை ஒரு புள்ளியாக விடுவது, எதை நிழலுக்குள் கரைப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். இத்தனையும் முடித்துவிட்டு எழுந்தவரிடம் போய் ‘போட்டோ மாதிரி இருக்கு’ என்று சொன்னால், அவர் எடுத்த முடிவுகளில் ஒன்றைக்கூட நாம் கவனிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

திருவண்ணாமலைப் படத்தையே எடுத்துக்கொள்வோம். மலையேறி உட்கார்ந்து மேலிருந்து வரைந்த படம் அது. ரசிகர்கள் மலையேறியதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மேலிருந்து பார்ப்பதால் கோயிலுக்கு என்ன ஆகிறது என்று பேசுவதில்லை. கீழே நின்று பார்ப்பவருக்கு 217 அடி ராஜகோபுரம் உயரம், உயரம், உயரம் மட்டுமே. மலையிலிருந்து பார்த்தால் அந்த உயரம் போய்விடுகிறது. கோபுரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவு காட்டி நிற்கின்றன. மதில்கள் சதுரத்துக்குள் சதுரமாக விரிகின்றன. கோயில் ஊரின் அமைப்பாகத் தெரிகிறது. பக்தன் அண்ணாந்து பார்க்கும் கோபுரத்தை இந்த மாணவர் குனிந்து பார்த்திருக்கிறார். காலண்டரில் நாம் கும்பிட்டுப் பழகிய கோணம் அல்ல இது. பக்திப் படத்திலிருந்து விலகி நிலக்காட்சிக்குப் போக ஓர் இளைஞர் எடுத்த முடிவு இந்தக் கோணத்தில் இருக்கிறது. அவர் வரைந்த பிரபலங்களின் முகங்களைவிட இந்த இடங்கள் பல மடங்கு மேலானவை என்பது என் மதிப்பீடு. ரசிகர்களின் வரிசையில் முகங்கள்தான் முதலில் நிற்கின்றன, ஏனென்றால் ஜாடையை ஒப்பிட்டுப் பார்க்க முகம்தான் வசதி.

அவர் படித்த காலத்தை விட்டுவிட்டுப் பேசுவது இதைவிடப் பெரிய இழப்பு. 1959 முதல் 1965 வரை அவர் எழும்பூரில் படித்தார். அப்போது முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர். 1963-இல் பணிக்கர் தம் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்குகிறார்: எழுத்தும் கட்டமும் ஜாதகக் குறிகளும் நிறைந்த படங்கள், கண்ணால் கண்டதை அப்படியே வரைவதிலிருந்து முழுதாக விலகியவை. தனபாலும் சந்தானராஜும் அங்கே ஆசிரியர்கள். தனபாலின் பெரியார் தலைச் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், போட்டோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; மேற்பரப்பு கரடுமுரடாகவே விடப்பட்டிருக்கிறது, ஆனாலும் அது பெரியார்தான், வேறு யாருமில்லை. உள்ளதை உள்ளபடி வரைவதா, அதைத் தாண்டிப் போவதா என்பதே அந்த வளாகத்தின் தலையாய கேள்வியாக இருந்த ஆண்டுகளில், ஒரு மாணவர் உள்ளதை உள்ளபடி வரையும் பக்கமே நின்றிருக்கிறார். பிடிவாதமா, நம்பிக்கையா, தெரிந்த பாதையை விட மனமில்லாமையா? அவரை ஓவியராக மதிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நான் கேட்டவரை எந்த ரசிகரும் கேட்டதில்லை.

‘நடிக்க வராமல் இருந்திருந்தால்’ என்ற வாக்கியத்தின் மேல்தான் எனக்கு உண்மையான கோபம். நடிக்க வராமல் ஓவியத்திலேயே இருந்தவர்கள் இருந்தார்களே! அதே காலத்தில் அதே கல்லூரியில் படித்த கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலைபார்த்துக்கொண்டே வரைந்தார். 1969 காந்தி நூற்றாண்டையொட்டி அவர் கறுப்பு மையில் வரைந்த காந்திக் கோட்டோவியங்கள் இந்த நாட்டின் சிறந்த கோட்டு வேலைகளுள் அடங்கும். சிவகுமார் ‘காக்கும் கரங்கள்’ படத்தில் அறிமுகமான 1965-க்கு அடுத்த ஆண்டு சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. ஓவியம் விற்றுச் சோறு தின்ன முடியாது என்பதால் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுப் பிழைத்தவர்கள் அங்கே இருந்தார்கள். எழும்பூரில் படித்தவர்களில் இன்னும் பலர் பள்ளிகளில் டிராயிங் மாஸ்டராகவே காலத்தைக் கழித்தார்கள். இவர்களில் எத்தனை பேரை இந்த ரசிகர்களுக்குத் தெரியும்? வராமல் போன ஓவியருக்காக வருந்துகிறவர்கள், வந்து நின்ற ஓவியர்களின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. கோயில் ஓவியங்களைப் புகழ்கிறார்கள். ‘ஆனந்த விகடன்’ இதழில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்த சில்பியின் கோடுகளோடு ஒரு தடவைகூட ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஓவியம் முக்கியம் என்று நினைப்பவர் இப்படிப் பேச மாட்டார்.

நடிகர் பாண்டு 2021-இல் கொரோனாவில் இறந்தபோதும் இதுவே நடந்தது. அ.தி.மு.க. கொடியை வடிவமைத்தவர் என்ற தகவல்தான் பெரும்பாலான அஞ்சலிகளிலும் சுற்றி வந்தது. அவரும் எழும்பூரில் பயின்றவர். பெயர்ப் பலகை வடிவமைப்பையே தொழிலாகச் செய்தவர். எழுத்தைப் பலகையில் நிறுத்தும் கலையைப் பற்றி நான் பார்த்தவரை ஒரு வரி யாரும் எழுதவில்லை.

ரசிகனுக்கு இவ்வளவு பார்க்கத் தெரியாது என்கிறார்கள். இதை நான் நம்பவில்லை. சிவகுமார் பாடகர் ஜே.கே.பி.யாக நடித்த ‘சிந்து பைரவி’யைப் பற்றி அதே ரசிகரிடம் பேசிப் பாருங்கள். யேசுதாஸ் குரலுக்கு ஜே.கே.பி.யின் வாயசைவும் கையசைவும் எந்த இடத்தில் பொருந்துகின்றன, குடித்துச் சீரழிந்த பிறகு உடம்பு எப்படித் தளர்கிறது என்று கட்டம் கட்டமாகச் சொல்வார். ‘நிஜப் பாடகர் மாதிரியே இருக்கார்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். அவ்வளவு கூர்மையான கண் ஓவியத்தின் முன் வந்ததும் மணிக்கணக்கை எண்ணத் தொடங்குவதற்குக் காரணம், இங்கே வேறெதையும் பார்க்கத் தேவையில்லை என்று நாம் எல்லோரும் சேர்ந்து அவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

சிவகுமாரின் ஓவியங்கள் தனி நூலாக வந்துவிட்டன. சென்னையில் காட்சிக்கும் வைக்கப்பட்டன. இனி அவற்றைக் காட்சிக்கு வைப்பவர்கள் நடிகரின் வாழ்க்கைக் குறிப்பைச் சுவரில் மாட்டுவதை நிறுத்திவிட்டு, 1959–65 எழும்பூர் மாணவர்களின் வேலைகளை அவற்றின் இரு பக்கமும் மாட்டட்டும். சில்பியின் கோயில்களையும் பணிக்கரின் 1963-ஆம் ஆண்டுப் படம் ஒன்றையும் அதே அறையில் வைக்கட்டும். அங்கே சிவகுமாரின் சில படங்கள் சாதாரணமாகத் தெரியலாம். திருவண்ணாமலை அப்படித் தெரியாது என்று நினைக்கிறேன்.