கேத்தே கோல்விற்ஸ்: தாய்மையும் குற்றச்சாட்டும்

ஜேர்மானிய ஓவியர் கேத்தே கோல்விற்ஸைப் (1867–1945) பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ‘துயருறும் தாய்’ என்ற தொடரோடு நின்றுவிடுகின்றனர். அத்தொடர் பொய்யன்று. ஆயினும், அவருடைய கலையின் கூர்மையை மழுக்குவதற்கு அதைவிட வசதியான தொடர் கிடைப்பதும் அரிது. அழுகின்ற தாய்க்கு எவரும் அநுதாபம் தெரிவிக்கலாம், மன்னரும் தெரிவிக்கலாம். அத்தாய் தன்னையும் தன் காலத்தையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரிக்கிறாள் என்று கண்டுகொண்டால், அநுதாபம் அவ்வளவு எளிதில் வாராது.

1891இல் கார்ல் கோல்விற்ஸ் என்ற வைத்தியரை மணந்த கேத்தே, பேர்லின் நகரில் தொழிலாளர் செறிந்து வாழ்ந்த பகுதியொன்றிற் குடியேறினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவர் அங்கேயே வாழ்ந்தார். கார்ல் தையற்றொழிலாளரின் மருத்துவ உதவி நிதியத்தில் வைத்தியராக இருந்தார். மருந்து கேட்டு வந்த பெண்கள் நோயைப் பற்றி மட்டும் பேசவில்லை. வேலையிழந்த கணவனைப் பற்றியும், வேண்டாத கர்ப்பத்தைப் பற்றியும், மதுவைப் பற்றியும் பேசினர். அவர்களுடைய முகங்களும் பருத்துக் களைத்த கைகளுமே கேத்தேயின் தாள்களில் இடம்பெற்றன. அவர் வறுமையை வேடிக்கை பார்க்க வந்த விருந்தாளியல்லர், அத்தெருவின் ஓவியர்.

அவர் துன்பத்தை வரைந்தாரேயன்றிப் போராட்டத்தை வரையவில்லை என்று குறைகூறுவோர் நம்மவரிடையேயும் உளர். 1844இல் சைலீசிய நெசவாளர் நடத்திய கிளர்ச்சியை அவர் ஆறு படங்களாக வடித்தார். 1898இல் அவற்றுக்குப் பதக்கம் வழங்குமாறு நடுவர்கள் பரிந்துரைத்தபோது அதனை மறுத்தவர் கைசர் இரண்டாம் வில்லியம். மன்னருக்குப் புரிந்தது சில விமர்சகருக்குப் புரியாமற் போனது விந்தைதான். அடுத்து வந்த ‘உழவர் போர்’ வரிசையிலே, நமக்கு முதுகைக் காட்டி நின்று இரு கைகளையும் உயர்த்தி ஒரு கூட்டத்தையே பாய்ந்தோடச் செய்யும் பெண்ணைப் பார்த்தவர் இக்குறையைக் கூறார்.

ஆனால் அவருடைய வாழ்வும் கலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் வேறு. 1903இல், இறந்த பிள்ளையைத் தழுவிய தாயொருத்தியை அவர் செதுக்கினார். அதற்காகத் தம் ஏழு வயது மகன் பீற்றரை மடியிலேந்திக் கண்ணாடியின் முன் இருந்து வரைந்தார். பதினொரு ஆண்டுகள் சென்றன. 1914 ஆகஸ்டில் அதே பீற்றர் படையிற் சேர விரும்பினான். வயது போதாமையால் தந்தையின் சம்மதம் தேவைப்பட்டது. தந்தை மறுத்தார். மகனுக்காகக் கணவரிடம் பரிந்து பேசிச் சம்மதம் பெற்றுக் கொடுத்தவர் தாயே. ஒக்டோபரில், பெல்ஜியக் களத்துக்குச் சென்ற சில நாட்களிலேயே அவன் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு வயது 18.

இச்செய்தியை அறிந்தபின் ‘போர்’ என்ற மரச்செதுக்கு வரிசையைப் பார்க்கவேண்டும். ஏழு படங்களைக் கொண்ட அவ்வரிசை 1923இல் வெளிவந்தது. போர்முனைக் காட்சி எதுவும் அதில் முதன்மை பெறவில்லை. முதற் படமான ‘பலி’யில் ஒரு தாய் தன் குழந்தையைத் தானே ஏந்தி நீட்டுகிறாள். அடுத்த படத்தில் மரணம் பறையடித்து முன்னே செல்ல, இளைஞர் பின்தொடர்கின்றனர். மரணத்தின் அருகில் நிற்பவன் பீற்றர். யாரோ பறித்துச் சென்றனர் என்று கூறி அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. கொடுத்த கை எது, கொடுக்கும்படி அதனைப் பழக்கியது எது என்பவையே அவர் எழுப்பும் வினாக்கள். புறநானூற்றின் மூதின்முல்லைப் பாடல்களை வீரத்தாயருக்குச் சான்றாக வகுப்பறையில் விளக்கிப் பழகிய நமக்கு, இப்படங்கள் சற்றுச் சங்கடமானவை.

மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் அமைக்க அவர் ஏறக்குறைய 18 ஆண்டுகள் முயன்றார். தொடக்கத்தில் மகனின் கிடந்த உருவத்தையும் அதில் வைக்க எண்ணியிருந்தார்; பின்னர் அதனைக் கைவிட்டார். 1932இல் பெல்ஜியத்து இடுகாட்டில் நிறுவப்பட்டபோது முழந்தாளிட்ட பெற்றோர் இருவரே எஞ்சினர். தந்தை தன் கைகளால் தன்னையே இறுக்கிக்கொண்டிருக்கிறார், தாய் குனிந்திருக்கிறாள். இருவருக்குமிடையே வெற்றிடம். ஒருவரையொருவர் தேற்றவும் அவர்களால் இயலவில்லை. வீரர்க்கெடுத்த கற்கள் மலிந்த ஐரோப்பாவில், மன்னிப்புக் கேட்பதுபோல் முழந்தாளிட்ட கற்களை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

இக்கலையின் வீச்சை உணர்ந்தோருள் சீன எழுத்தாளர் லூ சுன் ஒருவர். 1931இல் இளம் எழுத்தாளர் ரௌ ஷி கொல்லப்பட்டபோது, பார்வையிழந்த அவருடைய தாயை நினைந்து ‘பலி’ப் படத்தைச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். அஞ்சலிக் கட்டுரை எழுத இயலாத அடக்குமுறைக் காலத்தில் அப்படமே அஞ்சலியாயிற்று.

ஜேர்மனியிலோ, நாசிகள் 1933இல் அவரைக் கலைக் கழகத்தினின்று விலகச் செய்தனர். 1942இல், பீற்றர் என்றே பெயரிடப்பட்ட பேரனும் ருசியக் களத்தில் மடிந்தான். அவ்வாண்டு தீட்டிய கல்லச்சுப் படத்திலே முதிய தாயொருத்தி சிறுவர்களைத் தன் கைகளுக்குள் அடக்கி, வெளியே போகவிடாது மறிக்கிறாள். ‘பலி’யில் நீண்ட கைகள் இங்கே மூடிக்கொண்டுவிட்டன. போர் முடிவதற்குச் சில நாட்களுக்கு முன், 1945 ஏப்ரல் 22இல் கேத்தே காலமானார்.

1993இல் ஜேர்மானிய அரசு, மாண்ட மகனை மடியிற் கொண்ட தாயாக அவர் வடித்த சிறிய சிலையைப் பன்மடங்கு பெருப்பித்துப் பேர்லினின் மத்திய நினைவகத்தில் நிறுவியது. போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானோர் அனைவருக்கும் அது பொதுவாம்! கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஒரே துயரில் அடக்குவதா என்று அன்றே பலர் கண்டித்தனர். கைக்கு அடக்கமாக இருந்த அச்சிலையில், மகனின் உடலைத் தன் உடலுக்குள் மீண்டும் ஒளித்துக்கொள்ள முயலும் தாயொருத்தி இருந்தாள். பெருப்பித்த சிலையின் முன் அரசுத் தலைவர்கள் மலர்வளையம் வைக்கின்றனர்.