பை பாராசூட்டும் பதினாலு அடி உயரமும்

ஒரு பாலித்தீன் பை, கொஞ்சம் நூல், ஒரு கூழாங்கல் இருந்தால் பாராசூட் தயார். பையை வெட்டி வட்டமாக்கி, விளிம்பில் எட்டு இடத்தில் நூல் கட்டி, எட்டு முனைகளையும் சேர்த்து முடிந்து, முடிச்சில் கல்லைத் தொங்கவிட வேண்டியதுதான். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் எரிமலைக்கும் சூரியக் குடும்பத்துக்கும் பக்கத்தில் தவறாமல் இது நிற்கும். செலவில்லை, பார்க்க அழகு, ஆசிரியருக்கும் தலைவலி இல்லை. இந்தப் பழக்கத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் நாம் அதை நடத்துகிற விதத்தில் பாதிப் பாடம் கைநழுவிப் போகிறது. செய்ததற்கு மதிப்பெண் போடுகிறோம், சோதித்ததற்குப் போடுவதில்லை.

சோதிக்க இடம் வேண்டாமா என்று மும்பை சீத்தா கேம்ப்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1976 மே மாதம், நெருக்கடி நிலையின்போது, பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து டிராம்பேயின் இந்தச் சேற்று நிலத்தில் விட்டார்கள். மண்ணைக் கொட்டி மேடாக்கி எழுப்பிய வீடுகள் இன்று ஒன்றையொன்று உரசி நிற்கின்றன. குடிசைப் பகுதி வீடு 14 அடிக்கு மேல் போகக்கூடாது என்பது மாநகராட்சி நெடுநாள் பிடித்துக்கொண்டிருந்த கணக்கு. மீறிய வீடுகள் ஏராளம். ஆனாலும் ஒரு பையனுக்குக் கிடைக்கிற ஏவுதளம் ஏறக்குறைய அந்த உயரம்தான். மீட்டரில் சொன்னால் நாலேகால்.

அந்த உயரம் எதற்குப் போதும் என்று பார்ப்போம். வெறும் கல் ஒரு நொடிக்குள் தரைக்கு வந்துவிடும். அரை மீட்டர் விட்டமுள்ள பையில் 30 கிராம் கல்லைக் கட்டி விட்டால், பை விரிந்த சற்றைக்கெல்லாம் கீழே இழுக்கும் எடையும் மேலே தள்ளும் காற்றும் சமமாகிவிடும். அதன்பின் வேகம் கூடாது, நொடிக்கு 1.8 மீட்டர் அளவில் நின்றுவிடும். தரை தொட இரண்டரை நொடி பிடிக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகிற விஷயம் சந்துக்குள் கண்ணெதிரே நடக்கிறது. இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் கிடையாது.

ஆனால் எட்டு நூல் நல்லதா, பன்னிரண்டு நூல் நல்லதா என்று கேட்டால் இந்த உயரம் பதில் சொல்லாது. செல்பேசியில் ஸ்டாப்வாட்சைத் தட்டும் விரலே 0.2 நொடி பிந்தும். இரண்டு வடிவங்களுக்கு இடையிலான வித்தியாசமும் பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும். ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ‘இதுதான் சிறந்தது’ என்று சார்ட் பேப்பரில் எழுதுவது குருட்டாம்போக்கு. பத்துத் தடவை போட்டு, ஒவ்வொன்றையும் குறித்து, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் ஏதாவது தெரியவரும். வீடியோவை ஸ்லோ மோஷனில் ஓட்டினால் இன்னும் தெரியும். பை விரியாமல் சுருண்டு விழுந்த தடவைகளைப் பிள்ளைகள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ‘அது சரியா வரல’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் பாராசூட்டின் பெரிய கேள்வியே அதுதான்: விரியுமா, விரியாதா?

இடையில் இன்னொன்று. மகாராஷ்டிரத்தில் 2018-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபின் கடைகளில் தருகிற நான்-ஓவன் பை பாராசூட்டுக்கு ஆகாது. விறைப்பு அதிகம், காற்று ஊடுருவிப் போகும். சுற்றுச்சூழலுக்கு வந்த நன்மை இந்த ஒரு விளையாட்டைக் கெடுத்துவிட்டது. குப்பைக்கூடையில் போடும் கறுப்புப் பையை வைத்துச் சமாளிக்கலாம்.

கையால் செய்வதன் அருமை எங்கே வெளிப்படுகிறது என்றால், பை ஆடும்போது. இறங்குகையில் அது இப்படியும் அப்படியும் ஊசலாடும். கல் போய்ச் சுவரில் இடிக்கும். உள்ளே அடைபட்ட காற்று ஒரு பக்க விளிம்பு வழியாகத் தப்பிக்கிறது, பை மறுபக்கம் சாய்கிறது, பிறகு அந்தப் பக்கம் தப்பிக்கிறது. உச்சியில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஒரு துளை போட்டால் ஆட்டம் அடங்குகிறது. 1797 அக்டோபர் 22 அன்று பாரிஸில் பலூனிலிருந்து பட்டுப் பாராசூட்டில் இறங்கிய கார்னெரின் இதே ஆட்டத்தில் சிக்கித் திணறினார். உச்சியில் துளை என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. காற்றைப் பிடிக்க வேண்டிய கருவியில் ஓட்டை போடுவது எந்தப் பிள்ளைக்கும் முதலில் கிறுக்குத்தனமாகத்தான் படும். போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிள்ளை அதை மறக்காது. புத்தகத்தால் தர முடியாதது இது. இதற்காகவே இந்தப் பழக்கம் நீடிக்க வேண்டும் என்பேன்.

இனி இதன் ஆபத்தான பக்கம். பை பாராசூட் பொய்யான ஒரு நம்பிக்கையையும் கூடவே கற்றுக்கொடுக்கிறது: சின்னதில் பலித்தது பெரியதிலும் பலிக்கும், பைக்குப் பதில் போர்வை, கல்லுக்குப் பதில் நான். கல்லை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இருமடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். பையின் விட்டத்தை இருமடங்காக்கினால் பரப்பு நாலு மடங்குதான். எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பெரிதாக்கிக்கொண்டே போனால் வேகமும் கூடிக்கொண்டே போகும். 60 கிலோ ஆள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அதாவது நாலடி மேடையிலிருந்து குதித்த மாதிரி, இறங்க சுமார் 50 சதுர மீட்டர் துணி வேண்டும். பத்துக்குப் பதினைந்து அடி வீடுகள் மூன்றரையைச் சேர்த்தால் வருகிற பரப்பு.

டபுள் பெட்ஷீட் ஆறு சதுர மீட்டருக்கும் குறைவு. 14 அடியிலிருந்து வெறுமனே விழுபவர் மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார். பெட்ஷீட் கையைவிட்டு நழுவாமல், குதித்த கணமே முழுதாக விரிந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் 30 கிலோமீட்டர். அந்த மூன்று கிலோமீட்டர் எந்த எலும்பையும் காப்பாற்றாது. நிஜத்தில் விரிவதற்குள் தரை வந்திருக்கும். குடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்காட்சியில் பாராசூட்டுக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கைத் தொங்கவிட்டிருப்பதை நான் பார்த்ததேயில்லை.

வளர்ந்தவர்களும் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். பாரிஸில் தையல்கடை வைத்திருந்த பிரான்ஸ் ரைஷெல்ட் தானே தைத்த பாராசூட் உடுப்பைப் பொம்மைகளுக்கு மாட்டிச் சோதித்தார். சோதனைகள் தோற்றபோது உயரம் போதவில்லை என்று காரணம் சொன்னார். உயரம் குறைந்தால் பாராசூட் விரியாது என்பது மெய்தான். அதனாலேயே அந்தச் சாக்கு அவரை ஏமாற்றியது. பொம்மையை வைத்துச் சோதிப்பதாகச் சொல்லி அனுமதி வாங்கி, 1912 பிப்ரவரி 4 அன்று ஈபிள் கோபுரத்தின் 57 மீட்டர் உயரத் தளத்திலிருந்து தானே குதித்தார், மாண்டுபோனார். படம்பிடிக்கும் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அவராவது தன் உயிரைத்தான் பணயம் வைத்தார். 2018 ஜூலை 12 அன்று கோவையை அடுத்த ஒரு தனியார் கல்லூரியில் பேரிடர்ப் பயிற்சி என்ற பெயரில் நடந்ததை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. கீழே மாணவர்கள் வலையைப் பிடித்து நிற்க, இரண்டாம் மாடியில் தயங்கி உட்கார்ந்திருந்த 19 வயது மாணவியைப் பயிற்சியாளர் தள்ளிவிட்டார். முதல் மாடியின் சன்ஷேடில் தலை மோதி அந்த மாணவி இறந்தார். அந்தப் பயிற்சியாளருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கைவிரித்தது. அறுபது கிலோ மணல் மூட்டையை அதே இடத்திலிருந்து ஒருமுறை உருட்டிவிட்டிருந்தால், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது, சன்ஷேட் குறுக்கே வருகிறதா, பிடிப்பவர்களின் கைகள் தாங்குமா எல்லாம் தெரிந்திருக்கும். மணல் மூட்டைக்குப் பஞ்சமா நம் ஊரில்? மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக இஸ்ரோ 2025 ஆகஸ்ட் 24 அன்று ஸ்ரீஹரிகோட்டா அருகே சினூக் ஹெலிகாப்டரிலிருந்து சுமார் 5 டன் மாதிரிக் கலத்தைப் பாராசூட்டில் இறக்கியதும் அதே மணல் மூட்டைச் சோதனைதான். உள்ளே ஆள் இல்லை.

ஆகவே வீட்டுக் கருவியின் பலம் ஒன்றே ஒன்று: தோற்றால் நட்டம் இல்லை. சுமை கல்லாக இருக்கிறவரை அந்தப் பலம் மிகப் பெரியது. நூறு தடவை தோற்கலாம். மனிதனைக் கட்டிய நொடியில் அது முழுதாகப் போய்விடுகிறது. அதன்பின் கைத்திறமை, சிக்கனம், சாமர்த்தியம் என்று நாம் கொண்டாடுகிற எல்லாமே எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

சீத்தா கேம்ப்புக்கு இது கண்காட்சி மேசையோடு நிற்கிற பேச்சு அல்ல. பெயின்டிங்குக்கும் சென்ட்ரிங்குக்கும் போகிற வீடுகளில் விழுவதுதான் நிஜமான பயம். சாரத்தில் நிற்பவர் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கயிறும் விழுவதைத் தடுக்க நாமே செய்துகொண்ட கருவிதான். விழுந்த உடலை அது ஒரே வெட்டில் நிறுத்தும். முதுகெலும்பும் வயிறும் அந்த வெட்டை வாங்கும். இதற்கு மாறாக, முழு உடல் ஹார்னெஸின் வாரில் இருக்கும் சின்னப் பொட்டலத்துக்குள் மடித்துத் தைத்த பட்டை இருக்கிறது. இழுப்பு வரும்போது அந்தத் தையல் வரிசையாகக் கிழிந்துகொண்டே போய் வேகத்தைத் தின்றுவிடும். 100 கிலோ எடையைக் கட்டிப் போட்டுத்தான் அதற்குச் சான்று தருகிறார்கள். ஆனால் இரண்டு மீட்டர் வாரில் விழுந்து, பட்டை கிழிந்து நீண்டு, காலுக்குக் கீழே கொஞ்சம் மிச்சமிருக்கக் கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஆறு மீட்டருக்குமேல் வெற்றிடம் வேண்டும். 14 அடி வீட்டின் மேல்கூரையில் கொக்கியைக் காலடியில் மாட்டிக்கொண்டு வேலை செய்பவர், பட்டை கிழிந்து முடிவதற்குள் தரையில் கிடப்பார். அங்கே வாரைக் குட்டையாக்கித் தலைக்கு மேலே மாட்ட வேண்டும், அல்லது ஓரத்தில் கைப்பிடிக் கம்பி கட்ட வேண்டும். இந்தக் கணக்குக்குத் தேவையான அறிவு பை பாராசூட்டில் கல் கட்டிய பையனிடம் ஏற்கெனவே பாதி இருக்கிறது. மீதியை அவனுக்குச் சொல்ல வேண்டியவர்கள் சார்ட் பேப்பரின் ஓரத்தில் ஜிகினா ஒட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.