மதிப்பெண் யாருக்கு?

பள்ளி வயதுகூட ஆகாத பிள்ளைகளின் உடல்சார் எழுத்தறிவையும் (உடலை அசைக்கும் திறன், அதற்கான ஊக்கம், தன்னம்பிக்கை) அளந்தாக வேண்டும் என்ற குரல் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வலுத்துவருகிறது. அளந்து காட்டாத எதற்கும் அரசுப் பணம் வராது என்பது ஆதரவாளர்கள் சொல்லும் நியாயம். கருவிகள் மோசமானவை அல்ல. அமெரிக்காவில் டேல் அல்ரிக் 1985இல் வெளியிட்ட, குழந்தைகளின் அசைவுத் திறனை அளக்கும் டிஜிஎம்டி சோதனை மூன்றாம் பதிப்பைக் கண்டுவிட்டது. அசைவில் சிக்கல் உள்ள குழந்தையைச் சீக்கிரம் இனங்காண உதவுகிறது. அதுவரை வழக்கில்லை. சோதனை தரும் எண்ணுக்கே உடல்சார் எழுத்தறிவு என்று பெயரிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதிவைப்பதில்தான் வழக்கு.

அந்த எண் எப்படி வருகிறது என்று பார்க்கலாம். திறன்கள் 13: ஓடுதல், நொண்டுதல், தாண்டுதல் என ஆறு, பந்தோடு ஏழு. செய்துகாட்டி, ஒருமுறை பழகவிட்டு, அடுத்த இரண்டு முயற்சிகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். வரும் பந்தைக் கைகளால் மட்டும் பிடித்தால் ஒன்று, மார்போடு அணைத்துக்கொண்டால் பூஜ்யம். நான்கு வயதில் அணைத்துப் பிடிக்காத பிள்ளை எத்தனை பேர்? நிறுத்திவைத்த பந்தை இரு கையால் மட்டை பிடித்து அடிப்பதும் சோதனையில் உண்டு. பேஸ்பால் ஆடும் வீட்டில் அது தவழ்ந்து முடித்ததும் வரும் விளையாட்டு. மட்டையையே பார்த்திராத பிள்ளைக்கு அது புதுப் புதிர். அந்தப் பிள்ளையின் குறைந்த மதிப்பெண் அதற்கு என்ன வாய்த்தது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. இந்த வயதின் திறன் இடம், பொருள், கூட விளையாட ஆள் ஆகியவற்றோடு அவ்வளவு பின்னிக் கிடக்கிறது. குறை முற்றத்துடையது, மதிப்பெண்ணோ பிள்ளையுடையது. 1990களில் உடல்சார் எழுத்தறிவு என்ற கருத்துக்கு உருக்கொடுத்த மார்கரெட் வைட்ஹெட், ஊக்கத்தையும் தன்னம்பிக்கையையும் உடல்திறனோடு சேர்த்தே வைத்தார். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவரவர் பயணமாகவே அதைப் பார்த்தார்.

ஊக்கத்தையும் சேர்த்துக்கொள்ளும் கருவிகள் வந்துவிட்டனவே என்பார்கள். கனடாவின் ப்ரீபிளே அப்படிப்பட்டது. குழந்தைகளோடு இருக்கும் ஆசிரியரே பார்த்து மதிப்பிடுகிறார். சோதனைக்கூடத்தைவிட இது மேல்தான். ஆனால் சத்தம்போட்டு ஓடும் பிள்ளை ஊக்கமுள்ளதாகவும், ஓரமாக நின்று கவனித்துவிட்டுப் பிறகு ஏறும் பிள்ளை தயங்குவதாகவும் பெரியவர் கண்ணுக்குப் படுவது எளிது. ஏறுவதற்கு எதுவுமே இல்லாத அறையில் யாருடைய துணிவை மதிப்பிடுவது? எண் வேண்டும் என்றால் எண்ண வேறு இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல், ஒன்று முதல் நான்கு வயதுவரை நாளுக்கு 180 நிமிட உடல் அசைவு வேண்டும் என்றது. அதற்குக் குழந்தைக் காப்பகம் எத்தனை நிமிடம் வெளியே விடுகிறது, எத்தனை சதுர அடி தருகிறது, மழை நாளில் என்ன செய்கிறது என்று கணக்கெடுக்கலாம். நிதி கேட்க அந்தக் கணக்கு போதும். ஆனால் சில வாரம் பந்து பிடிக்கப் பழக்கி மதிப்பெண்ணை ஏற்றிக்காட்டுவது, முற்றத்தை அகலப்படுத்துவதைவிட மலிவு. பிள்ளைகளை அளக்க இத்தனை பேர் முன்வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.