மட்கலமும் குகைச்சுவரும்

பிலிமத்தலாவையில் வசிக்கும் எமக்குக் கடலாதெனிய விகாரை அண்மையது. 1344இல் கணேசுவராசாரியார் என்னும் சிற்பாசாரியார் அமைத்த அக்கட்டடத்தின் கல்லில் ஆடுவோரும் மத்தளம் முழக்குவோரும் உளர். தொடர்ந்து செல்லும் கதை இல்லை. கதை தேடித் தெகல்தொருவ குகைவிகாரைக்குச் சென்று மீண்ட நண்பரொருவர், அங்குள்ள ஓவியங்கள் வளர்ச்சியுறாதவை என்றார். ஒருவனையே ஒரே சுவரிற் பன்முறை தீட்டியிருப்பது அவர் கண்ட குறை. கிரேக்கரோ ஒரு கணத்தைத் தெரிந்து அதனுள்ளே கதை முழுவதையும் அடக்கினர் என்பது அவர் வாதம். கற்றோர் பலரிடத்தும் காணப்படும் கருத்தாதலின் இஃது ஆராயத்தக்கது.

அவர் பக்கத்திற் சான்று இல்லாமலில்லை. வத்திக்கானில் உள்ள, எக்ஸீகியாஸ் தீட்டிய சாடியை (கி.மு. 540-530 அளவில்) நோக்குவோம். அக்கிலீஸும் அயாக்ஸும் பலகைமீது குனிந்து காயாடுகின்றனர். ஒருவன் வாயருகே 'நான்கு' என்றும் மற்றவன் வாயருகே 'மூன்று' என்றும் எழுதப்பட்டுள்ளது. கேடயங்கள் பின்னே சாய்ந்திருக்கின்றன. ஈட்டிகளை மட்டும் கை விடவில்லை. இருவரும் துரோயிலிருந்து மீளப்போவதில்லை என்று அறிந்தவனுக்கு அந்த 'மூன்று' கனக்கிறது. பூலோன் நகரச் சாடியிலும், அயாக்ஸ் வாளின்மேல் வீழ்வதை எக்ஸீகியாஸ் தீட்டவில்லை. வாளை மண்ணில் நட்டு, அதன் அடியில் மண்ணை அணைப்பதையே தீட்டுகிறான். அந்த அமைதியைப்போல் அச்சந்தரும் காட்சி மட்கலங்களில் வேறொன்று உண்டோ என ஐயுறுகிறேன். ஓவியன் கணமொன்றையே தேர்தல் வேண்டுமென 1766இல் 'லவோகூன்' எழுதிய லெசிங் வகுத்த கொள்கைக்கு இவை நல்ல எடுத்துக்காட்டுகளே.

ஆயின் கிரேக்கர் அனைவரும் அவ்வாறு செய்தாரல்லர். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த இலக்கோனியக் கிண்ணமொன்று பாரிசில் உள்ளது. ஒற்றைக்கண் அரக்கன் பொலிபீமஸ் அமர்ந்திருக்கிறான். அவன் கைகளில் தின்று எஞ்சிய மனிதனின் கால்கள்; எதிரே மதுக்கிண்ணம் நீட்டப்படுகிறது; அதே வேளையிற் கூரிய கழி கண்ணிற் பாய்கிறது. தின்றது, குடித்தது, குருடானது ஆகிய மூன்றும் ஒன்றாயின. காலப்பிழை என்பதா இதனை? பிரித்தானிய நூதனசாலையிலுள்ள கோட்ரஸ் ஓவியன் கிண்ணத்திலோ (கி.மு. 440-430 அளவில்) தீசியஸ் மீண்டும் மீண்டும் தோன்றுகிறான். நடுவில் மினோட்டாரை இழுத்து வருகிறான். சுற்றிலும் அவன் பிற வெற்றிகள். கிண்ணத்தைக் கையிற் சுழற்றச் சுழற்ற அவன் வழிநடை விரிகிறது. இது செம்மைக் காலத்து ஏதென்சிற் பிறந்தது. தொடக்ககாலக் கைத்தடுமாற்றம் என்று ஒதுக்கவியலாது.

இந்நிலையிலேயே தெகல்தொருவவை நோக்குதல் முறையாகும். கீர்த்திசிறீ இராஜசிங்கன் (1747-1782) தொடங்கி, இராஜாதி இராஜசிங்கன் காலத்தில் நிறைவெய்திய பணி அது. வெஸ்ஸந்தர ஜாதகம் சிவந்த பின்னணியிற் கிடைவரிசைகளாக ஓடுகிறது. இளவரசன் யானையை ஈகிறான், தேரை ஈகிறான், காட்டில் மக்களை ஈகிறான், ஈற்றில் மனைவியையும் ஈகிறான். முன்னையதினும் பின்னையது கொடிது. இக்கதைக்கு எந்தக் கணத்தைத் தெரிவது? மக்களைக் கொடுப்பதை மட்டும் தீட்டின் அவன் கொடியவனாகத் தோன்றுவான். யானையை மட்டும் தீட்டின் வெறும் அரச வள்ளல். திரும்பத் திரும்ப ஈவதே இங்குக் கதை. ஆதலின் அவனும் திரும்பத் திரும்பத் தோன்றவே வேண்டும். அயாக்ஸின் கதை ஒரு முடிவின் கதை; அதற்கு ஒரு கணம் போதுமாயிற்று.

எனினும் நண்பர் கூற்றை முற்றாகத் தள்ளேன். தெகல்தொருவவின் முகங்கள் ஒரே வார்ப்பின. மக்களைப் பிரியும் தந்தை முகத்துக்கும் யானையைக் கொடுத்த முகத்துக்கும் வேறுபாடு காண்பதரிது. எக்ஸீகியாஸ் அயாக்ஸின் நெற்றியில் இட்ட சுருக்கத்துக்கு ஈடான கோடொன்று அச்சுவரில் எனக்குப் புலப்படவில்லை. இஃது உண்மைக் குறை. ஆனால் நண்பர் சுட்டிய குறை இதுவன்று.

அவர் இன்னும் உடன்பட்டிலர். அடுத்த விடுமுறையில் இருவரும் சேர்ந்து சென்று, யானையிலிருந்து தொடங்கிச் சுவரோரமாக நடந்து பார்ப்பதாக இருக்கிறோம்.