மட்டிப் பழமும் முதிர்ந்த சீஸும்

நாஞ்சில் நாட்டு அடுக்களையில் பாலுக்கு ஆயுசு ஒரு நாள்தான். காலையில் காய்ச்சுவோம், ராத்திரி உறை ஊற்றுவோம், மறுநாள் தயிர், கடைந்தால் மோரும் வெண்ணெயும், விருந்து என்றால் புளிசேரி. புளிப்பில் நமக்கு நல்ல தேர்ச்சி உண்டு. தயிரை நாக்கில் வைத்ததுமே உறை கூடிப்போயிற்று என்று சொல்லிவிடுகிற பாட்டிகள் இங்கே வீட்டுக்கு வீடு இருந்தார்கள். ஆனால் பால் திரிந்துவிட்டால் மட்டும் முகம் சுளித்துக் கொட்டிவிடுவோம். சீஸ் தொடங்குவதோ அங்கேதான். பாலை அளந்து, சூடு பார்த்து, வேண்டுமென்றே திரிய வைக்கிற கலை அது.

திரிய வைப்பதில் இரண்டு வழி. கொதித்த பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் பன்னீர். அந்தச் சூட்டில் பாலின் புரதம் ஏறக்குறைய முழுதும் சேர்ந்து கட்டிப்படும், அது லாபம். ஆனால் கேசீன் என்னும் புரதத்தைப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியத்தில் ஒரு பங்கைப் புளிப்பு கரைத்துவிடும். அதனால்தான் பன்னீரை எவ்வளவு வாட்டினாலும் உருகாது. இன்னொரு வழி ரென்னெட் என்னும் நொதி. வெதுவெதுப்பான பாலில் சில சொட்டு விட்டால் போதும், கால்சியப் பிணைப்பு குலையாமல் பால் உறையும். பிறகு சூடு பட்டால் இளகும், இழை இழையாக நீளும். ரென்னெட் ஆதியில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்தது. இன்று நம் கடைகளில் பச்சைப் புள்ளியோடு விற்கும் சீஸில் நுண்ணுயிர்களிடமிருந்து பெற்ற ரென்னெட்தான் இருக்கிறது. சைவர்கள் தயங்க வேண்டியதில்லை.

உறைந்த பாலைக் கம்பி கட்டிய சட்டத்தால் வெட்டும் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய துண்டாக வெட்டினால் நீர் உள்ளேயே தங்கும், மென்மையான சீஸ் கிடைக்கும். அரிசி மணி அளவுக்கு வெட்டிச் சூடேற்றினால் நீர் வடிந்து பார்மசான் போலக் கெட்டிப்படும். பத்து லிட்டர் பசும்பால் ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்கும். செடார் என்றால் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புரட்டிப் புரட்டி வைப்பார்கள். சுவிஸ் எமென்டாலில் ஒரு வகைப் பாக்டீரியா விடும் கரியமில வாயுதான் அந்தப் பெரிய ஓட்டைகளைப் போடுகிறது. நீலச் சீஸுக்குள் பூஞ்சைக்கு மூச்சுவிட ஊசியால் துளையிடுவார்கள்.

அதன்பின் முதிர வைக்க வேண்டும். அதற்கு 10 முதல் 15 டிகிரி குளிர்ச்சியும் நல்ல ஈரமும் வேண்டும். நாகர்கோவிலில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, ஈரத்துக்குப் பஞ்சமில்லை, குளிர்ச்சிதான் கிடையாது. ஆகவே தமிழ்நாட்டில் சீஸ் மலையேறிற்று. கொடைக்கானலில் செய்கிறார்கள். குன்னூரில், 'கயாமத் சே கயாமத் தக்' எடுத்த இயக்குநர் மன்சூர் கான் மும்பையை விட்டு வந்து ஏக்கர்ஸ் வைல்ட் பண்ணையை உருவாக்கினார். சமவெளியில் ஆரோவில்லின் லா ஃபெர்ம் நெடுநாளாகச் செய்துவருகிறது. சென்னையில் 2016-ல் நம்ரதா சுந்தரேசனும் அனுராதா கிருஷ்ணமூர்த்தியும் தொடங்கிய கேஸ் நிறுவனம், செவித்திறன் குறைந்த பெண்களுக்கு இந்தக் கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்தது. இந்த ஊர்களுக்குப் போகிறவர்களிடம் ஒரு துண்டு வாங்கி வரச் சொல்வது என் வழக்கம்.

முதிர்ந்த கௌடா ஒன்றைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து முக்கால் மணி நேரம் வெளியே வையுங்கள். குளிரில் வாசனை எழாது. மெல்லியதாகச் சீவி நாக்கில் வைத்தால் முதலில் உப்பு, அடுத்து வெண்ணெய், மெல்ல மெல்லக் காய்ச்சிய பாலின் இனிப்பு. நடுவே பல்லில் நறநறவென்று ஏதோ படும். அது உப்பல்ல; புரதம் உடைந்து திரண்ட படிகம், நெடுநாள் முதிர்ந்ததற்கு அடையாளம். அப்போது வடசேரிச் சந்தையில் வாங்கிய மட்டிப் பழத்தில் ஒரு கடி. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சின்னஞ்சிறு வாழைப்பழத்தின் மணமும் தேன் இனிப்பும் கௌடாவின் உப்போடு சேரும் பொருத்தத்துக்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை. அவித்த மரச்சீனிக் கிழங்கின்மேல் செடாரைத் துருவிப் போட்டுக் கிழங்குச் சூட்டிலேயே இளகவிடுவதும் அருமை.

சீஸ் வடித்த நீரையும் கீழே விடுவதில்லை. நம் ஊரில் அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பது போல, அதை மணிக்கணக்கில் காய்ச்சி நார்வேக்காரர்கள் ப்ரூனோஸ்ட் என்ற பழுப்புச் சீஸ் செய்கிறார்கள். மும்பையின் எலெஃப்தீரியா நிறுவனம் செய்த ப்ரூனோஸ்ட் 2021 உலக சீஸ் விருதுகளில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது.

இனி சத்து. 30 கிராம் செடாரில் சுமார் 210 மில்லிகிராம் கால்சியம், 7 கிராம் புரதம். கால்சியத்தில் ஒரு டம்ளர் பாலுக்குச் சமம். வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 1,000 மில்லிகிராமில் இது ஐந்தில் ஒரு பங்கு. சாளை மீனை முள்ளோடு தின்கிறவர்களுக்குக் கால்சியக் கவலை குறைவு. மரச்சீனியும் சோறுமாகச் சாப்பிடும் சைவர்களுக்குச் சீஸ் பெரிய துணை, பி12-ம் கிடைக்கிறது. முதிர்ந்த சீஸில் லாக்டோஸ் அநேகமாக இராது, பால் ஒத்துக்கொள்ளாத வயிறும் தாங்கும். கொழுப்பு மட்டும் 30 கிராமில் 10 கிராம். உப்பையும் பார்க்க வேண்டும். உப்புநீரில் ஊறும் ஃபெட்டாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் சோடியம். எமென்டாலில் 200 அளவுதான். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எமென்டாலையோ, உப்புச் சேர்க்காத பன்னீரையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

பலரும் சீஸ் என்று அறிந்திருப்பது உறையிட்ட மஞ்சள் சதுரத்தை. 1911-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்த பதப்படுத்திய சீஸின் வம்சம் அது. சீஸை உருக்கி, உருகுவதற்கான உப்புகள் சேர்த்து மறுபடி உறைய வைத்தது. எப்போதும் ஒரே சுவை, சோடியமும் கூடுதல். அதைத் தின்றுவிட்டு எனக்குச் சீஸ் பிடிக்காது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அதைவிட மோசம், பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த போலி. வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பால், உப்பு, ரென்னெட், பாக்டீரியா, இந்த நான்கோடு பட்டியல் முடிந்தால் தயங்காமல் வாங்கலாம். பிள்ளைகளுக்குத் தினமும் பன்னீர் கொடுங்கள். ரசித்துச் சாப்பிட முதிர்ந்த கௌடாவில் நூறு கிராம் வாங்கிப் பாருங்கள், மட்டிப் பழத்தோடு.