ஆக்கியோன் பெயர் எங்கே?

நூல் ஒன்று கைக்கு வந்தால் அதனை ஆக்கியவர் யார் என்று முதலில் கேட்பது தமிழ் மரபு. நன்னூலார் சிறப்புப் பாயிரத்திற்கு உரியன இவையென எட்டினை எண்ணும்போது ஆக்கியோன் பெயரையே தலையில் வைத்தார். நூலின் பெயர்கூட அதற்குப் பின்னர்தான் வருகிறது. அந்த நன்னூலைச் செய்வித்தவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். பாயிரத்தில் அவன் பெயர் மதிப்போடு நிற்கிறது. ஆயினும் நன்னூல் சீயகங்கனுடையது என்று இதுவரை எவரும் வழக்காடியதில்லை. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடுவதற்கு வள்ளல் சீதக்காதி தூண்டுகோலாக இருந்தார். அபுல் காசிம் மரைக்காயர் துணைநின்றார். கொடுத்தவர் பெயரைப் புலவர் மறக்கவில்லை. காப்பியமோ புலவருடையதாகவே இருக்கிறது. திருவரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே, கம்பன் தன் இராமகாதையை அரங்கேற்றிய இடம் என்று காட்டப்படும் மண்டபத்தை இன்றும் காணலாம். சடையப்ப வள்ளலுக்குக் கம்பன் பட்ட நன்றிக்கடன் காவியத்திற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது சடையப்ப ராமாயணம் ஆகிவிடவில்லை.

பொருள் கொடுத்தவன், ஆக்கியவன், அரங்கில் பாடிக் காட்டியவன் ஆகிய மூவரின் இடமும் நம் முன்னோர்க்குத் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவு குழம்பியது இசைத்தட்டும் ஒலிநாடாவும் வந்த பின்னர்தான். பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் நடந்துவரும் இளையராஜா, எக்கோ ஒலிப்பதிவு நிறுவன வழக்குகளைப் பற்றி நம் ஊர்ப் படித்த வட்டாரங்களில் நடக்கும் விவாதங்களைக் கேட்கும்போது, அக்குழப்பம் இன்னும் நீங்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஒரு சாரார், இசையமைத்தவருக்கே பாட்டு முழுவதும் சொந்தம் என்கின்றனர். மறுசாரார், காசு கொடுத்து வாங்கியவனுக்கே சொந்தம், கொடுத்தபின் கேட்பது முறையன்று என்கின்றனர். இரு சாராரும் அரைக்கிணறு தாண்டியவர்கள் என்பது நம் கருத்து.

திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் மக்களுக்கு இளையராஜா மேல் தனிப்பற்று உண்டு. 1987ஆம் ஆண்டு மார்ச் மாதம் குடமுழுக்குக் கண்ட பதின்மூன்று நிலை இராசகோபுரத்தில் ஒரு நிலைக்கு அவர் பொருளுதவி செய்தார் என்பது ஊரறிந்த செய்தி. பற்று இருக்கட்டும். நியாயம் பேசும் வேளையில் அதனைச் சற்றே ஒதுக்கி வைக்க வேண்டும்.

முதலில் சிறு நிறுவனங்களின் பக்கத்தைச் சொல்லிவிடுவோம். அவர்களுக்காகப் பேசுவோர் குறைவு. இசைத்தட்டு என்பது நெடுங்காலம் கிராமபோன் கம்பெனி என்ற ஒரே பெருநிறுவனத்தின் கையில் இருந்தது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் 1928இல் எழுந்த தொழிற்சாலையில்தான் நம் நாட்டு இசைத்தட்டுகள் பெரும்பாலும் அச்சாயின. தமிழ்நாட்டில் ஏவி. மெய்யப்பச் செட்டியார் படத்தொழிலுக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் இசைத்தட்டு வணிகம் செய்தவரே. தட்டு அச்சிடும் ஆலை வைக்கப் பெருமுதல் வேண்டும். அதனால் சிறியவர்கள் பெரியவர்களை அண்டியே பிழைத்தனர். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த ஒலிநாடா இந்நிலையை மாற்றியது. சிறுமுதலோடு ஒருவர் தொழிலில் இறங்கலாம் என்றானது. சென்னையில் எக்கோ, சங்கீதா போன்ற நிறுவனங்கள் தலைநிமிர்ந்தது இந்தக் காலத்தில்தான்.

அவ்வணிகம் நடந்த விதம் இது. படம் எடுப்பவர் கைப்பணம் தீர்ந்து நிற்கும் நேரத்தில், பாடல் உரிமைக்கென்று ஒரு தொகையை முன்கூட்டியே நாடா நிறுவனம் கொடுக்கும். படம் ஓடுமா, பாட்டு விலைபோகுமா என்பது அப்போது எவருக்கும் தெரியாது. பத்தில் ஒன்று விற்றால் அந்த ஒன்றின் இலாபத்தில் மற்ற ஒன்பதின் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். விற்கும் அந்த ஒன்றுக்கும் எதிரி தெருவிலேயே இருந்தான். 1980களில் திருச்சியின் கடைவீதிகளில் ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்ற பலகை இல்லாத இடம் அரிது. விருப்பமான பாடல்களை வெள்ளைத் தாளில் எழுதி, டி.டி.கே. 60 அல்லது 90 நாடா ஒன்றும் சேர்த்துக் கொடுத்தால், மறுநாள் மாலை பாடல்கள் தயார். பதிவுக் கடைக்காரருக்கும் நாடா தயாரித்தவருக்கும் பணம் சேர்ந்தது. பாட்டுக்கு முதல் போட்டவருக்கும், பாட்டை உண்டாக்கியவருக்கும் ஒரு பைசா இல்லை. இன்று அந்நிறுவனங்கள் பழைய ஒப்பந்தத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பேராசை என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது. இழந்ததற்கு மிஞ்சிய சொத்து அவர்களிடம் அந்தக் காகிதம் ஒன்றே.

இனி அந்தக் காகிதம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பொருள் கொடுத்துப் படம் எடுப்பிப்பவரை முதல் உரிமையாளராகக் கண்டது. படத்திற்காக எழுதப்பட்ட பாட்டும் அமைக்கப்பட்ட இசையும், மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், படத்தயாரிப்பாளருக்கே சேரும் என்று உச்சநீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்போடு தனிக்குறிப்பு எழுதிய நீதிபதி கிருஷ்ணய்யர், பாடகருக்குச் சட்டத்தில் இடமில்லாமை கண்டு வருந்தினார். அவர் வருத்தத்திற்குப் பயன் கிடைக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் பாடுவோர்க்கு நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று வந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் பங்கு உரிமைத்தொகையை விட்டுக்கொடுக்க இயலாதபடி காப்பளித்த திருத்தம் 2012இல் வந்தது. மாநிலங்களவையில் அதற்காக வாதாடியவர் கவிஞர் ஜாவேத் அக்தர்.

இடையே 1984இல் வந்த ஒரு திருத்தமே நம்மை மிகவும் உறுத்துவது. கள்ளநாடாவை ஒடுக்கும் நோக்கத்தோடு சேர்க்கப்பட்ட 52அ பிரிவு, ஒவ்வொரு நாடாவின் மேலும் மூன்று செய்திகள் இருக்க வேண்டும் என்றது. ஒலிப்பதிவைச் செய்தவரின் பெயரும் முகவரியும், பதிப்புரிமை உடையவரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும் அவை. நன்னூலாரின் எட்டோடு இம்மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டு எழுதியவர் பெயர் இல்லை; மெட்டமைத்தவர் பெயர் இல்லை; பாடியவர் பெயரும் இல்லை. சட்டம் இயற்றியோர் கடைச்சரக்கின் மேல் ஒட்டும் சீட்டை நினைத்தார்களே அன்றிப் பாயிரத்தை நினைக்கவில்லை. ஆக்கியோன் தன் பெயரைக் கோரும் தார்மீக உரிமை 57ஆம் பிரிவில் இருக்கிறது, உண்மை. ஆனால் அது கேட்டால்தான் கிடைப்பது. பெரும்பாலான புலவர்களோ கேட்கத் தெரியாதவர்கள்.

அரபுக் கலைகளைப் பயின்றோர்க்கு இஸ்னாது என்பது புதிதன்று. ஒரு செய்தியை எவர் எவரிடமிருந்து கேட்டார், அவர் எவரிடமிருந்து கேட்டார் என்று முதல் வாய்வரை சங்கிலி அறாமல் சொல்ல வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அறிஞர்கள் அச்செய்தியை ஐயத்தோடுதான் நோக்குவார்கள். பாட்டுரிமை வழக்குகளிலும் நீதிமன்றங்கள் செய்வது ஏறக்குறைய இதுவே. தயாரிப்பாளரிடமிருந்து எக்கோ வாங்கிற்று. மலேசியாவின் அகி மியூசிக் தனக்கு உரிமை உண்டு என்று வந்தது. சோனி நிறுவனம் ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் வழியாகவும் எக்கோ வழியாகவும் தனக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்லி 536 இசைத்தொகுப்புகளைப் பற்றி 2022இல் பம்பாய் உயர்நீதிமன்றம் சென்றது. அவ்வழக்கைச் சென்னைக்கு மாற்றக் கோரிய இளையராஜா தரப்பின் விண்ணப்பத்தை 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. அதே 2025இன் தொடக்கத்தில் டெல்லி உயர்நீதிமன்றம், ‘மூடுபனி’ படப் பாடல் ஒன்றின் உரிமை சாரிகம நிறுவனத்திடமே உள்ளது என்ற முடிவுக்கு வந்தது. கண்ணிகள் நீள்கின்றன. சங்கிலியின் தொடக்கத்தில் யாரை நிறுத்துவது என்பதில்தான் சண்டை. சட்டம் தயாரிப்பாளரை நிறுத்துகிறது. இளையராஜா தம்மை நிறுத்துகிறார்.

இரண்டையும் நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. 1980இல் எழுதிய ஒப்பந்தத்தில் தட்டும் நாடாவும் இருக்கலாம். கைப்பேசியும் இணையமும் எவர் கனவிலும் இல்லை. அன்று கொடுத்த சில ஆயிரத்துக்கு இன்றுள்ள வருவாய் முழுவதையும் எழுதிக்கொடுத்ததாகப் பொருள் கொள்வது, மாமரத்தில் ஓராண்டுக் காய்ப்பைக் குத்தகைக்கு எடுத்தவன் மரத்தையே தன்னுடையது என்பதற்கு ஒப்பாகும். ஒப்பந்தம் எழுதும்போது இல்லாத ஊடகத்தை, வெளிப்படையாகக் குறிப்பிட்டாலன்றி, ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது இதனால்தான். காலவரை குறிக்காத உரிமை மாற்றத்தை ஐந்தாண்டு என்று கொள்ளவேண்டும் என்ற விதியும் நல்ல விதி. கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்துச் சாட்சியோடு எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகறாவின் 282ஆம் வசனம் திருமறையிலேயே மிக நீண்டது என்பதை நம் வாசக அன்பர்கள் அறிவார்கள். எழுதாமல் விட்ட ஒவ்வொரு சொல்லும் பின்னாளில் ஒரு வழக்காகிறது.

மறுபுறம், பாட்டு முழுவதும் மெட்டமைத்தவர்க்கே என்ற கோரிக்கை மெட்டோடு நின்றுவிடுகிறது. 2024 ஏப்ரலில் எக்கோவின் மேல்முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, சொற்கள் இன்றிப் பாட்டில்லையே, எழுதியவரும் உரிமை கேட்டால் என்னாவது என்ற வினாவை நீதிபதிகளே எழுப்பினர். அதன்பின் இசை பெரிதா, மொழி பெரிதா என்று மேடைகளில் நடந்த சொற்போர் நமக்கு மகிழ்ச்சி தரவில்லை. அது பட்டிமன்றத்திற்குப் பொருந்தும். பங்கு பிரிப்பதற்குப் பெரிது சிறிது பார்ப்பதில்லை. யாருக்கு என்ன பங்கு என்று மட்டுமே பார்க்கவேண்டும். 2017இல் தம் பாடல்களைப் பாடிய எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கும் சித்ராவுக்கும் அமெரிக்கப் பயணத்தின்போது வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். அழகாக இருந்ததென்று நாம் சொல்லமாட்டோம்.

ஆக்குவோரே வணிகராவது இதற்குத் தீர்வாகுமா என்றால், எகிப்தியப் பாடகர் முகம்மது பவுசியின் கதை நினைவுக்கு வருகிறது. அல்ஜீரிய நாட்டுப்பண்ணுக்கு இசையமைத்தவர் அவர். அயல்நாட்டு நிறுவனங்களை நம்பியிராமல் கெய்ரோவில் மிஸ்ர்போன் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் அரசு அதனை நாட்டுடைமையாக்கியது. அவர் 1966இல் காலமானார். ‘சவ்துல் காஹிரா’ என்ற பெயரில் அந்நிறுவனம் தொடர்ந்து நடந்தது.

இவ்வளவும் திரையிசையைப் பற்றியது. நம் வீடுகளுக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். நம் வீடுகளில்தான் இச்செய்தி இன்னும் கூர்மையாகிறது. சபராளிகள் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன் பெட்டிகளில் சஹர் வேளையில் ஒலித்தவை, திருமணப் பந்தல்களிலும் மீலாது மேடைகளிலும் ஒலித்தவை சிறு நிறுவனங்கள் வெளியிட்ட இஸ்லாமியப் பாடல் நாடாக்களே. அவற்றை மலிவாக நம் கைகளில் சேர்த்ததற்கு அந்நிறுவனங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்நாடாக்களின் அட்டையைப் புரட்டிப் பாருங்கள். பாடியவர் படம் இருக்கும். நிறுவனத்தின் பெயர் இருக்கும். எழுதியவர் பெயர் இருந்தால் அது அரிய நாடா. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்ற பாடலைப் பாடியவர் நாகூர் ஈ.எம். ஹனிபா என்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும். எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்று சொல்வோர் நூற்றில் எத்தனை பேர்? ஹதீஸுக்கு இஸ்னாது கேட்கும் சமுதாயம் தன் பாட்டுக்கு மட்டும் கேட்காமல் இருந்துவிட்டது.

எழுத்துரிமையும் கண்டுபிடிப்புரிமையும் பொருள்மதிப்புள்ள உரிமைகளே, அவற்றைப் பறிப்பது மார்க்கச் சட்டப்படி ஆகாது என்று பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது தீர்மானம் செய்தது. அத்தீர்மானத்தை நம் மேடைகளில் நூல் வணிகத்திற்காகப் பலர் எடுத்துக்காட்டுகின்றனர். பாட்டெழுதிய புலவருக்கும் அது பொருந்தும் என்று எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

இங்கே சட்டம் நம் புலவர்களுக்குத் திரைப்படப் புலவர்களைவிடச் சாதகமாக இருக்கிறது என்பது பலர் அறியாதது. 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பு படத்திற்காக எழுதப்பட்ட பாடல்களைப் பற்றியது. தனிநாடாவுக்காக எழுதியவர், நிறுவனத்தில் சம்பளத்திற்கு இருந்தாலன்றி, தம் வரிகளுக்குத் தாமே முதல் உரிமையாளர். அவ்வுரிமை கையொப்பமிட்ட எழுத்து மூலமாகவே கைமாறும். வாய்ச்சொல்லாலோ, நூறு ரூபாயை உறையில் வைத்துக் கொடுத்ததாலோ மாறாது. நம் புலவர்களில் எத்தனை பேர் கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பார்கள்? மீலாது மேடைக்குப் பின்னால் நின்று வெற்றுத்தாளில் எழுதிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர்களே மிகுதி. 1982இல் வெளியான ஒரு நாடாவின் ஒலிப்பதிவு உரிமை 2042ஆம் ஆண்டு முடிவோடு தீர்ந்துவிடும். அதன் பாடல்களை எழுதிய புலவர் 2000த்தில் காலமாகியிருந்தால், வரிகளின் உரிமை 2060 முடியும்வரை அவர் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் உரியது. அந்நாடாவின் ஒலியை இன்று யாரோ யூடியூபில் ஏற்றி, நடுவே விளம்பரமும் ஓடவிட்டிருக்கக்கூடும். அந்தப் பேரர்கள் உறையூரிலோ பாலக்கரையிலோ அதைக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும், எழுதியவர் தங்கள் பாட்டனார் என்பதே தெரியாமல்.